பத்துக்கு ஆறு

"அண்ணா, ஐஜிஐ நல்ல கேமா?" என்று இன்றைக்கும் யாராவது கேட்கிறார்கள். கேட்கிற பையனுக்குப் பதினெட்டு, இருபது வயது இருக்கும். அவன் பிறப்பதற்கு முன்பே வந்துபோன கேம் அது. மாமாவோ சித்தப்பாவோ சொல்லிச் சொல்லிக் காதில் விழுந்த பெயர். கேம் விமர்சனம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆனாலும் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல மனம் வருவதில்லை. என் தொழிலில் எது கஷ்டமோ, அது மொத்தமும் அந்த ஒரு கேமுக்குள் இருக்கிறது.

'ப்ராஜெக்ட் ஐஜிஐ' 2000 டிசம்பரில் வெளியானது. நார்வே நாட்டு இன்னர்லூப் ஸ்டூடியோஸ் உருவாக்கியது, ஐடாஸ் வெளியிட்டது. கொள்ளேகாலில் நாங்கள் போய்க்கொண்டிருந்த பிரௌசிங் சென்டரில் எந்த மெஷினைத் திறந்தாலும் அதன் ஐகான் இருக்கும். டேவிட் ஜோன்ஸ் என்ற ஒற்றை ஆள், எதிரி முகாம்கள், மொத்தம் 14 மிஷன்.

அதில் என்னைக் கட்டிப்போட்டது நிலம். இன்னர்லூப்காரர்கள் அதற்கு முன் 'ஜாயின்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர்' என்ற போர்விமான கேம் செய்தவர்கள். அந்த எஞ்சினையே இதற்கும் எடுத்துக்கொண்டார்கள். விமானம் பறப்பதற்காகக் கட்டிய எஞ்சின் என்பதால் மலையும் பள்ளமும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். மற்ற துப்பாக்கி கேம்கள் நம்மைச் சந்துபொந்துகளுக்குள் ஓடவிட்டுக்கொண்டிருந்த காலம். இங்கே ஒரு மேட்டில் நின்று, பைனாகுலரை எடுத்து, முகாமை முழுசாகப் பார்க்கலாம். கையிலுள்ள கருவியைத் திறந்தால் மேலிருந்து எடுத்த படம் போல வரைபடம் வரும். எந்தக் காவலாளி எங்கே நடக்கிறான், வேலியை எங்கே தாண்டலாம், கேமராக்களை அணைக்கிற கம்ப்யூட்டர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று யோசித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அந்த யோசனைதான் கேம்.

குறைகளும் சின்னவை அல்ல. மிஷனுக்கு நடுவில் சேவ் செய்ய முடியாது. முக்கால் மணி நேரம் பார்த்துப் பார்த்து நகர்ந்து கடைசிக் கதவருகே செத்தால் மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் நிற்கிறவன் சுருண்டு விழுந்தாலும் அடுத்த காவலாளி கண்டுகொள்ளாமல் நடப்பான். ஆனால் அலாரம் அடித்துவிட்டால் பாரக்கிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், தீரவே மாட்டார்கள். மல்டிபிளேயர் கிடையாது. அன்றைய வெளிநாட்டு விமர்சகர்கள் இதையெல்லாம் சொல்லித்தான் நடுத்தர மார்க் போட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடுகிறவனுக்கு, சேவ் இல்லாத கேமில் ஒரு சாவு என்பது கைக்காசு போவது. எங்களை அந்தக் குறை அவர்களைவிட அதிகமாகவே அடித்தது.

இருந்தும் விட்டுவிட்டுப் போகவில்லை. இருந்த சி.டி.க்கள் கொஞ்சம், அதனால் ஒரு கேம் கோணலாக இருந்தாலும் கடைசிவரை பார்த்தோம். "டவர்மேல் இருக்கிறவனை முதலில் எடு", "அந்தக் கதவைத் தொடாதே, அலாரம்" என்று பின்னால் நிற்கிற பையன்கள் தமிழிலும் கன்னடத்திலும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவன் செத்த இடமும் மற்ற எல்லோருக்கும் மனப்பாடம். 2003இல் இரண்டாம் பாகம் வந்தபோது குறைந்த எண்ணிக்கையில் சேவும் வந்தது, மல்டிபிளேயரும் வந்தது. முதல் பாகத்தின் யோசனையில் பிழை இல்லை, செய்நேர்த்தியில்தான் பிழை என்பது அப்போது பளிச்சென்று தெரிந்தது. விமர்சகன் இந்த வேறுபாட்டை முதல் பாகம் வந்த வாரமே, இரண்டாம் பாகத்துக்குக் காத்திராமல் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

எங்கள் கொள்ளேகால் பட்டு ஊர். 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த தாலுகா. மதராஸ் மாகாணத்தின் பட்டுப்புழு வளர்ப்பு பெரும்பாலும் இங்கேதான் நடந்தது. பிறகு மைசூர் ஜில்லாவானது, 1997லிருந்து சாமராஜநகர். பட்டுக்கூடு மார்க்கெட்டில் வாங்க வருகிறவர்கள் குவியலுக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார்கள். மேலே இருப்பதைப் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை. ஒரு கூட்டைக் காதருகே குலுக்கிப் பார்ப்பார்கள், ஓட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள், கறை பட்டதையும் இரட்டைக் கூட்டையும் தனியே ஒதுக்குவார்கள். இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டியதுதான் இரட்டைக் கூடு. இழைகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடப்பதால் அதிலிருந்து மெல்லிய நூல் ஒழுங்காக வராது. ஆனால் அதைத் தூக்கி எறிவதில்லை. முண்டும் முடிச்சுமாக வருகிற அந்தத் தடித்த நூலில்தான் டூபியான் பட்டு நெய்கிறார்கள். அதற்கென்று ஒரு விலை, அதற்கென்று வாங்குகிற ஆட்கள். நடுத்தர கேமை எடைபோடுகிற வித்தையை நான் கற்றுக்கொண்டது அந்த மார்க்கெட்டைப் பார்த்துத்தான் என்று சொல்வேன். இரட்டைக் கூட்டை உயர்ந்த கூடு என்று சொல்லி விற்றால் அது மோசடி. குப்பை என்று சொல்லி ஒதுக்கினால் அது அறியாமை.

2010இல் வந்த 'டெட்லி ப்ரெமோனிஷன்' என்ற ஜப்பானிய கேம் அச்சாக அப்படிப்பட்டது. ஸ்வெரி என்று அறியப்படும் ஹிதேதகா சுவேஹிரோ இயக்கியது. துப்பாக்கிச் சண்டை கட்டையாக இருக்கும், கார் ஓட்டுவது கொடுமை, காட்சிகள் அந்த வருடத்துக்கே பழசு. ஆனால் அதில் வருகிற சின்ன ஊரின் ஆட்களும், தனக்குத்தானே பேசிக்கொள்கிற துப்பறிவாளனும் மனதை விட்டு அகல மாட்டார்கள். ஐஜிஎன் தளம் பத்துக்கு இரண்டு போட்டது, டிஸ்ட்ரக்டாய்ட் பத்துக்குப் பத்து போட்டது. விமர்சகர்களை அதிகம் பிளவுபடுத்திய திகில் கேம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இரண்டையும் கூட்டி வகுத்தால் ஆறு வரும். அந்த ஆறு யாருக்கும் எதையும் சொல்லாது.

மார்க் என்பது கட்டுரையின் கடைசியில் நிற்கிற ஒரு சின்ன எண் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஜப்பானின் ஃபமிட்சு இதழில் நான்கு விமர்சகர்கள் தலைக்குப் பத்து வீதம் நாற்பதுக்கு மார்க் போடுவார்கள். நாலு பேரின் ருசியும் தனித்தனியே தெரியும் என்பதால் அந்த முறைமேல் எனக்கு மரியாதை உண்டு. 2001இல் தொடங்கிய மெட்டாக்ரிட்டிக் தளம் எல்லோருடைய மார்க்கையும் ஒரே எண்ணாகப் பிசைந்துவிட்டது. 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' கேமை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு அந்தத் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் கிடைக்கவில்லை என்று அங்கே வேலை பார்த்த கிறிஸ் அவெலோன் 2012இல் வெளியே சொன்னார். 2007இல் 'கேன் அண்ட் லிஞ்ச்' கேமுக்கு ஆறு மார்க் போட்ட ஜெஃப் கெர்ஸ்ட்மனை கேம்ஸ்பாட் வேலையிலிருந்து நீக்கியது; அதே கேமின் விளம்பரம் அப்போது அந்தத் தளம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. நடுத்தர மார்க் இப்படியெல்லாம் ஆட்களின் சோற்றில் கைவைக்கும். அதனால்தான் ஆறு போடுகிற ராத்திரிகளில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எட்டு போட்டாலும் மூன்று போட்டாலும் நன்றாகத் தூங்கிவிடுவேன்.

இனி 'ராஜி'க்கு வருகிறேன். 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்.' புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கியது. 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டப் பார்த்தார்கள், தோற்றது. அப்படியும் விடாமல் செய்து 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்சில் முதலில் வெளியிட்டார்கள், அக்டோபரில் மற்ற கருவிகளுக்கும் வந்தது. தம்பி கோலுவைத் தேடிப் போகிற ராஜி என்ற பெண், அவளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டே கதை சொல்கிற துர்க்கையும் விஷ்ணுவும். அந்த வருட கேம் அவார்ட்ஸ் விருதில் சிறந்த அறிமுக கேம் பட்டியலில் இடம் கிடைத்தது. இந்தியாவில் உட்கார்ந்து எழுதுகிற ஒவ்வொரு விமர்சகனின் மேசைக்கும் அது வந்தது.

விளையாட ஆரம்பித்த ஒரு மணி நேரத்துக்குள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோட்டைச் சுவரோரம் அவள் நடக்கும்போது கேமரா பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. அவள் ஒரு புள்ளியாகிறாள், ராஜஸ்தான் கோட்டைகளின் சாயலில் மாடங்களும் கொத்தளங்களும் எழும்புகின்றன. சுவரோவியத்தின் முன் நின்றால் புராணக்கதை விரிகிறது. கதைக் காட்சிகளைப் பாவைக்கூத்து பாணியில் நிழலுருவங்களாகச் செய்திருக்கிறார்கள். காசில்லாத ஒரு குழு, முகபாவத்தோடு மனித உருவங்களை அசைக்கிற செலவைத் தவிர்க்க இந்த மண்ணின் கலையையே கைக்கொண்டிருக்கிறது. பட்ஜெட் நெருக்கடியை இவ்வளவு அழகாகத் தீர்த்த கேம்கள் எனக்குத் தெரிந்து அதிகமில்லை. தோல்பாவைக்கூத்து ஆடும் நிலப்பகுதியில் பிறந்த எனக்கு அது நேராக நெஞ்சில் தைத்தது.

அப்புறம் சண்டை வருகிறது. திரிசூலம், வில், வாள். தூணைப் பிடித்துச் சுழன்று அடிக்கலாம், சுவரில் ஓடித் திரும்பிப் பாயலாம். காகிதத்தில் எழுதினால் எல்லாம் இருக்கிறது. கையில் பிடித்தால்தான் இடிக்கிறது. ராஜி ஒரு வீச்சை ஆரம்பித்துவிட்டால் அது முடிகிறவரை விலக முடிவதில்லை, பட்டனை அழுத்திய கணத்துக்கும் அவள் புரள்கிற கணத்துக்கும் நடுவில் ஒரு தயக்கம். அதற்குள் அசுரன் அடித்துவிடுகிறான். எந்த மாடங்களைக் காட்டி மயக்கியதோ அதே தூரத்துக் கேமரா, தாவுகிற இடங்களில் ஆழம் தெரியாமல் தடுமாற வைக்கிறது. ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள் இவை. அந்தக் கேமராவிலிருந்து புகழ்ச்சியையும் பிரிக்க முடியாது, குறையையும் பிரிக்க முடியாது. பெரும்பாலான விமர்சனங்களில் 'காட்சி அருமை' என்று ஒரு பத்தி, 'சண்டை சுமார்' என்று இன்னொரு பத்தி. இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்று எழுதினால்தான் செய்தவர்களுக்கு உதவும், வாங்குகிறவருக்கும் புரியும்.

கடைசியில் அந்த முடிவு. சில மணி நேரத்தில், கதை சூடு பிடிக்கிற இடத்தில், சட்டென்று நின்றுவிடுகிறது. அடுத்த பாகம் வரும் என்ற சைகையோடு திரை மூடுகிறது. 2022இல் சண்டையைத் திருத்தி, இந்திக் குரலும் சேர்த்து மேம்படுத்திய பதிப்பு வெளியிட்டார்கள். கதை நின்ற இடம் மட்டும் மாறவில்லை.

நான் ஆறு போட்டேன். தொலைபேசியில் வந்த முதல் கேள்வி, நான் எழுதிக்கொண்டிருந்த இதழின் ஆசிரியரிடமிருந்து: "நம்ம ஊர் கேம் சார், ஒரு ஏழாவது போடக்கூடாதா?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்தக் குழு பட்ட கஷ்டம் அவருக்கும் தெரியும். ஆனால் பட்ட கஷ்டத்துக்கு ஒரு மார்க், இந்தியர்கள் என்பதற்கு ஒரு மார்க் என்று கூட்டிக்கொண்டே போனால், அடுத்து நிஜமாகவே எட்டு வாங்கத் தகுந்த ஒரு இந்திய கேம் வரும்போது அதை எப்படி அடையாளம் காட்டுவது? எனக்குப் பிடித்திருந்தது என்பதைக் கட்டுரையில் நான்கு பத்தி எழுதியிருந்தேன். பிடித்ததை வார்த்தையில் சொல்ல இடம் இருக்கும்போது எண்ணில் ஏன் சொல்ல வேண்டும்?

அதற்கு நேர் எதிரான சத்தத்தையும் சில மாதங்களில் கேட்டேன். 2020 செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்த கையோடு, பெங்களூரின் என்கோர் கேம்ஸ் 'ஃபௌஜி' கேமை அறிவித்தது. அக்ஷய் குமார் முகமாக நின்றார். 2021 குடியரசு தினத்தன்று வெளியானது. பப்ஜிக்கு மாற்று வரப்போகிறது என்று எல்லோரும் தாமாகவே முடிவு கட்டிக்கொண்டிருந்தார்கள். வந்தது கல்வான் பள்ளத்தாக்கை வைத்து ஒற்றை ஆள் ஆடும் கைச்சண்டை கேம். துப்பாக்கி இல்லை, ஆரம்பத்தில் மல்டிபிளேயரும் இல்லை. எதிரிகள் கூட்டமாக வருவார்கள், அடிப்போம், நெருப்பு மூட்டிய இடத்தில் உட்கார்ந்து உயிரை ஏற்றிக்கொள்வோம், மறுபடி அடிப்போம். ஒரு பக்கம் தேசபக்தியில் ஐந்து நட்சத்திரம், மறுபக்கம் பப்ஜியை இழந்த கோபத்தில் ஒற்றை நட்சத்திரம். பனிக்குளிரில் நெருப்பருகே உட்கார்ந்தால்தான் உயிர் ஏறும் என்ற யோசனை நல்ல யோசனை, ஆனால் அதைச் சுற்றிக் குளிரே கேமாக மாறவில்லை, வெறும் இடைவேளையாக நின்றுவிட்டது என்று எழுதினேன். அந்த வரியைப் படித்தவர்கள் குறைவு. இரண்டு பக்கமும் எண்ணை மட்டுமே பார்த்தார்கள்.

சின்னதாக இருப்பது வேறு, பாதியில் நிற்பது வேறு என்பதைப் புரியவைக்க எனக்கு மிகவும் உதவிய கேம் 'வெண்பா'. டொரண்டோவின் விசை கேம்ஸ், 2023 ஜூலை. 1980களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு. அதில் அழிந்துபோன வரிகளை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையலே இட்லி. தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும்போது குழிகள் நேருக்கு நேர் வந்தால் ஆவி மேலே போகாது, தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். நம் வீட்டு அடுப்படியில் யாரும் வாய்விட்டுச் சொல்லித்தராத விஷயம் அது, பார்த்துப் பார்த்து வருவது. அதைப் புதிராக்கிய அந்த ஒரு இடத்திலேயே இவர்களுக்குத் தொழில் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மொத்த கேமும் ஒரு திரைப்படத்தைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். 'காசுக்கு நேரம் போதவில்லை' என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தால் காசைத் திரும்பக் கேட்கலாம் என்பதால், இந்த மாதிரி கேமை முழுக்க முடித்துவிட்டே திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் மகன் கவின் வளர்ந்து அந்தச் சமையலறைக்குள் வரும்போது கதை முடிய வேண்டிய இடத்தில் முடிகிறது. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டது. 2024இல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதும், ஐஜிஎஃப் விழாவின் முதல் பரிசும் அதற்குக் கிடைத்தன. எனக்கு அது நடுத்தர கேமே அல்ல. 'ராஜி' அதைவிடப் பல மடங்கு நீளம், அதைவிடப் பெரிய கனவு, ஆனால் முடியவில்லை. நேரத்தை அளந்து மார்க் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டும் தலைகீழாகத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் பெங்களூரில் மூன்று பேர் மட்டும் சேர்ந்து ஒரு கேம் செய்தார்கள். பெயர் வேண்டாம். மேகத்துக்கு மேகம் தாவிப் போகிற கேம், நிறங்களும் இசையும் நன்றாக இருந்தன, ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆட முடியாது. ஐந்தரை போட்டிருந்தேன். அதில் ஒரு பெண் போன் செய்தார். கோபம் இல்லை, தழுதழுத்த குரல். "சார், தாவுறது சரியா இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நாங்க அதையேதான் ஆறு மாசம் திருத்தினோம். எங்க சரியா இல்லைன்னு சொல்ல முடியுமா?"

நான் கேமைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினேன். முதலாவது, தாவும்போது காலுக்கு நேர் கீழே நிழல் இல்லை. சூரியன் இருக்கும் பக்கத்துக்கு ஏற்ப நிழல் சாய்ந்து விழுகிறது. பார்க்க அழகு, ஆனால் எங்கே இறங்குவோம் என்று கண்ணுக்குத் தெரியாது. சாய்ந்த நிழல் இருக்கட்டும்மா, காலுக்கு நேர் கீழே ஒரு வட்டக் கறுப்பையும் போடுங்கள், எல்லா முப்பரிமாணத் தாவல் கேம்களும் செய்வதுதான் என்றேன். இரண்டாவது, மேகத்தின் விளிம்பைத் தாண்டிய மறுகணமே தாவல் பட்டன் வேலை செய்யாமல் போகிறது. மனிதக் கை அத்தனை கச்சிதமாக இருக்காது. விளிம்பைத் தாண்டிய பிறகும் சில ஃப்ரேம்கள் பட்டனை ஏற்றுக்கொண்டால், ஆடுகிறவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார், ஆனால் கேம் தன் பேச்சைக் கேட்கிறது என்று நினைப்பார். "ஆறு மாசம் தாவுற உயரத்தையும் வேகத்தையும்தான் சார் மாத்திக்கிட்டே இருந்தோம்" என்றார். சிறிது நேரம் இருவருமே பேசவில்லை. அடுத்த மாதம் பேட்ச் வந்தது, நிழலும் இருந்தது, அந்தச் சில ஃப்ரேம்களும் இருந்தன. மறுபடி முழுக்க விளையாடி, புதிதாகக் கட்டுரை எழுதி ஏழு போட்டேன். பழைய கட்டுரையை எடுக்கச் சொல்லவில்லை. அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கியவருக்குக் கிடைத்தது அந்தப் பழைய கேம்தானே.

அந்த போனுக்குப் பிறகு ஒரு நடுத்தர கேமைப் பற்றி எழுதும்போது 'சண்டை சரியில்லை', 'கதை சுமார்' என்று நிறுத்துவதே இல்லை. எந்த ஃப்ரேமில், எந்தக் கதவருகே, எந்த மெனுவில் என்று எழுதுகிறேன். இடத்தைப் பத்திரிகை வெட்டும்போதும் இந்த வரிகளை மட்டும் வெட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மார்க் வேண்டாம் என்று 2015இல் யூரோகேமர் தளம் எண்ணையே விட்டுவிட்டது, எட்டு வருடம் கழித்து நட்சத்திரங்களாகத் திரும்பக் கொண்டுவந்தது. அவர்கள் திண்டாட்டம் புரிகிறது. எனக்கு எண் வேண்டும். ஒரு பெரிய கன்சோல் கேம் நம் நாட்டில் 5,000 ரூபாயை ஒட்டி விற்கிறது. அவ்வளவு காசை எடுத்து வைக்கிறவர் கட்டுரையை முழுக்கப் படிக்க நேரமில்லாமல் கடை வாசலில் நிற்கலாம், அவருக்கு ஒரு எண் சொல்லியாக வேண்டும். ஆனால் எண்ணுக்குக் கீழே இப்போது இன்னொரு வரியும் கட்டாயம் போடுகிறேன்: யார் வாங்கலாம், எந்த விலைக்கு வரும்வரை பொறுக்கலாம், எந்தப் பேட்ச் வந்தபின் விளையாடலாம்.

'ராஜி'க்கு அந்த வரியில், சிற்பமும் ஓவியமும் பார்க்கிற கண் உள்ளவர் முழு விலைக்கே வாங்கலாம், மேம்படுத்திய பதிப்பாகவே வாங்குங்கள், சண்டைக்காகத் தேடுகிறவர் பாதி விலைக்குப் பொறுங்கள் என்று எழுதியிருக்கிறேன். மார்க்கை மாற்றவில்லை.